இரு கடிகாரங்களும் ஒரு நடவுப் பாட்டும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

புகைவண்டித் துறையில் எழுத்தர் வேலை பார்க்கும் நமக்குப் பள்ளியிறுதி வகுப்பிற்கு மேற்பட்ட படிப்பில்லை. ஆசிரியப் பெருமக்களும் பட்டம் பெற்ற இளைஞர்களும் நிறைந்துள்ள இவ்வவையில், ஒலிப்பதிவுக் கருவிகளின் கடிகாரங்களை ஒன்றுபடுத்துவது பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி என்று சிலர் எண்ணக்கூடும். தகுதி ஒன்றே ஒன்றுதான். அப்பொருளில் இச்சங்கத்தில் பெரும்பிழை செய்தவர் நாமே. சென்ற ஆண்டு நடவுப் பாட்டுப் பதிவு கெட்டுப்போனது கருவியின் குற்றமென்றும், அதை விற்ற கடைக்காரரின் குற்றமென்றும் நம்மிடையே பேச்சு நடந்தது. இரண்டும் அல்ல. அதனை வெளிப்படையாகச் சொல்லிவிடவே இம்மேடையைக் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

நடந்தது இது. முதலமடைப் பக்கத்தில் எண்பது வயது கடந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். அவருடைய முன்னோர் பொள்ளாச்சிச் சீமையிலிருந்து கணவாய் வழியே வயல்வேலைக்கு வந்து, இம்மண்ணிலேயே தங்கிவிட்டவர்கள். நாற்று நடும்போது பாடும் பாட்டுகளில், நம் காதுக்கு எட்டிய வரையில், முழுமையாக அடி பிசகாமல் பாடக்கூடியவராக எஞ்சியிருந்தவர் அவர் ஒருவரே. அவர் ஓர் அடி எடுத்துக் கொடுப்பார். நாலைந்து பெண்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். இப்பாட்டை ஒலிப்பதிவு செய்து வைக்கவேண்டும் என்று சங்கம் தீர்மானித்தது. பொறுப்பை நம்மிடம் ஒப்படைத்தது.

கையடக்கமான டிஜிட்டல் ரெக்கார்டர் இரண்டு கிடைத்தன. ஒன்றைத் திண்ணையில் மூதாட்டியின் அருகே வைத்தோம். மற்றொன்றை நாலு மீட்டர் தள்ளி, பின்பாட்டுப் பெண்களின் முன்னே வைத்தோம். புகைவண்டிக்காரர் அல்லவா! கைப்பேசியைப் பார்த்து இரு கருவிகளின் கடிகாரத்தையும் விநாடி சுத்தமாகத் திருத்தி வைத்தோம். அதில் நமக்குச் சற்றுக் கர்வமும் இருந்தது. ஒரு மணி பத்து நிமிடம் பதிவு நடந்தது. மூதாட்டி ஒரு தடவைகூடச் சொல் தடுமாறவில்லை.

வீட்டிற்கு வந்து, கணிப்பொறியில் இரு பதிவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டோம். முதற் பாட்டு அமுதமாக இருந்தது. கால் மணி நேரம் சென்றதும் குரல்கள் ஏதோ குழாய்க்குள்ளிருந்து வருவன போலாயின. அரை மணியில் ஒவ்வொரு சொல்லும் தடித்துப்போயிற்று. இறுதியில், கிணற்றுக்குள் தலைநீட்டிப் பேசினால் எப்படிக் கேட்குமோ, அப்படி ஒவ்வொரு சொல்லும் இருமுறை கேட்டது. ஒரு பதிவை அழித்துவிட்டு மற்றொன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். எதை அழிப்பது? திண்ணைப் பதிவை அழித்தால் மூதாட்டி தொலைவிலிருந்து பாடுவதுபோல் ஆகிவிடும். மற்றதை அழித்தால் பெண்களின் சொற்கள் விளங்கமாட்டா. மீண்டும் ஒரு நாள் போய்ப் பதிவு செய்யலாம் என்று ஒத்திப்போட்டோம். அந்தத் தை மாதத்தில் மூதாட்டி காலமாகிவிட்டார்.

நிற்க. இரு கருவியும் ஒரே நேரத்தைக் காட்டிய போது, பாட்டு மட்டும் ஏன் பிரிந்தது? இதற்கு விடை நம் சொந்தத் துறையிலேயே, அன்றாடம் கண்முன்னே இருந்தது. நாம்தான் காணவில்லை.

முற்காலத்தில் ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் நேரம் இருந்தது. கதிரவன் உச்சிக்கு வந்தால் அவ்வூருக்கு நண்பகல். சென்னையில் உச்சிப்பொழுது வந்து ஏறக்குறைய 14 நிமிடம் கழிந்த பின்னரே நம் கொல்லங்கோட்டிற்கு உச்சிப்பொழுது வரும். மாட்டுவண்டிக்கு இதனால் ஒரு கேடும் இல்லை. புகைவண்டிக்கோ இது ஆகாது. ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரு வண்டிகளுக்கு இரு நேரங்கள் இருத்தல் கூடாது. ஆகவே ஒரு நேரத்தைப் பொதுவாக ஏற்க வேண்டியதாயிற்று. அந்நாளைய இருப்புப்பாதைகள் பலவற்றிலும் பொதுவாக ஏற்கப்பட்டது எந்த ஊரின் நேரம் என்று நினைக்கிறீர்கள்? பம்பாயும் அன்று, கல்கத்தாவும் அன்று. நம் சென்னையின் நேரமே. 1792-ஆம் ஆண்டில் கட்டிடம் எழுந்த சென்னை வானாய்வு நிலையம் அங்கே இருந்தது. அதன் நெடுங்கோட்டைக் கணித்து, 1802-இல் கோல்டிங்காம் என்பார் கிரீன்விச்சிற்கும் சென்னைக்கும் உள்ள நேர வேறுபாட்டை நிறுவினார். தந்திக் கம்பி வந்தபின் அந்நேரம் கம்பி வழியே நாடெங்கும் சென்றது. 1906-ஆம் ஆண்டு முதல் கிரீன்விச்சிற்கு ஐந்தரை மணி முந்திய இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. எனினும் கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தத்தம் நேரத்தை விடாது வைத்திருந்தன. நாடு விடுதலை அடைந்தது; பம்பாய்க் கடிகாரம் இந்திய நேரத்திற்கு வர மேலும் எட்டாண்டு ஆயிற்று!

ஆனால், எல்லோர்க்கும் ஒரே நேரம் என்று ஆணையிடுவது ஒன்று. எல்லாக் கடிகாரங்களும் அந்நேரத்தைக் காட்டுமாறு செய்வது வேறொன்று. இவ்விரண்டாவது வேலைக்குப் புகைவண்டித் துறை என்ன செய்தது என்பதைப் பொது விதிகளில் காணலாம். நாள்தோறும் 16 மணிக்கு, அஃதாவது மாலை நாலு மணிக்கு, முக்கிய நிலையங்களுக்கெல்லாம் சரியான நேரத்தை அறிவிக்கவேண்டும் என்பது விதி. வண்டி புறப்படுமுன் கார்டு தம் கைக்கடிகாரத்தை நிலையக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டு, அந்நேரத்தை ஓட்டுநருக்குச் சொல்லவேண்டும். ஓட்டுநர் அதன்படி தம் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளவேண்டும். (2022 முதல் கார்டு என்னும் பெயர் டிரெயின் மேனேஜர் என்று மாறிவிட்டது. பெயர் மாறினாலும் கடிகாரம் திருத்தும் கடமை மாறவில்லை.)

நம் கொல்லங்கோடு நிலையம் பாலக்காடு – பொள்ளாச்சிப் பாதையில் உள்ளது. அப்பாதை 1932-இல் மீட்டர் கேஜாகத் திறக்கப்பட்டு, 2008-இல் மூடப்பட்டு, 2015-இல் அகலப் பாதையாக மறுபிறவி எடுத்தது. இத்தனை மாற்றத்திலும் அந்த நாலு மணி விதி நின்றது. ஏன் நாள்தோறும்? ஒருமுறை திருத்தி வைத்தால் போதாதோ? போதாது. இன்று ஒன்றாக நிற்கும் இரு கடிகாரங்கள் நாளை ஒன்றாக நிற்பதில்லை. ஒன்று சற்று விரையும். மற்றொன்று சற்றுத் தங்கும். விதி வகுத்தவர்கள் எந்தக் கடிகாரத்தையும் ஒரு நாளைக்கு மேல் நம்பவில்லை. அவ்விதியின்கீழ் உத்தியோகம் பார்த்தும், நாம் இரு கருவிகளை ஒரு மணி பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நம்பினோம்.

இனிக் கருவிக்குள் நடப்பதைப் பார்ப்போம். டிஜிட்டல் ரெக்கார்டர் ஒலியை அப்படியே எழுதுவதில்லை. ஒலியலையின் உயரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, அவ்வெண்களை வரிசையாக எழுதி வைக்கிறது. குறுந்தகட்டிற்கு விநாடிக்கு 44,100 முறை. திரைப்படம், வீடியோ முதலியவற்றிற்குப் பெரும்பாலும் 48,000 முறை. எப்போது அளப்பது என்று தாளம் போடுவது, கருவிக்குள் இருக்கும் ஒரு குவார்ட்ஸ் படிகம். மின்னூட்டினால் அது ஒரே சீராக அதிரும். அவ்வதிர்வை எண்ணியே கருவி தன் விநாடியைக் கணக்கிடுகிறது. விநாடி என்பதற்கு 1967 முதல் உலகம் ஏற்ற இலக்கணம், சீசியம் அணுவின் 9,192,631,770 அதிர்வுகள். நம் நாட்டின் நேரத்தையும் டில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் சீசியம் கடிகாரங்களைக் கொண்டே காத்து வருகிறது. கையடக்கக் கருவிக்குள் அத்தகைய கடிகாரம் ஏது? அதன் படிகம் பத்து இலட்சத்தில் இருபது முப்பது பங்கு கூடவோ குறையவோ ஓடும். வெயில் பட்டால் மேலும் சிறிது மாறும். அக்கருவியின் விநாடி அதன் சொந்த விநாடியே.

பத்து இலட்சத்தில் முப்பது பங்கு என்பது எம்மாத்திரம் என்று கேட்கலாம். ஒரு நாளைக்கு இரண்டரை விநாடி. நிலையத்துச் சுவரில் மாட்டிய கடிகாரம் இவ்வளவு துல்லியமாக ஓடினால், நாலு மணித் திருத்தத்தின்போது நிலைய அதிகாரி மகிழ்ந்தே போவார். ஆனால் மனிதரின் செவி நிலைய அதிகாரியைவிடக் கண்டிப்பானது. ஒரே ஒலி சிறிது தாமதித்து இரண்டாம் முறை வந்தால், ஏறக்குறைய முப்பது நாற்பது மில்லி விநாடி வரையில் செவி அவ்விரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். அதற்கு மேற்பட்டால் எதிரொலியாகப் பிரித்துக் கேட்கும். இதை 1949-இல் ஹாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஆய்ந்து காட்டினார். நம் கணக்கைப் பாருங்கள்: முப்பது பங்கு வேறுபாட்டில், கால் மணியில் 27 மில்லி விநாடி, அரை மணியில் 54, ஒரு மணி பத்து நிமிடத்தில் 126. குழாய்க் குரல், தடித்த சொல், கிணற்றுக் குரல் என்று நாம் வரிசையாகக் கேட்டோமே, அவ்வரிசை இவ்வெண்களின் வரிசையே.

நாம் செய்த பிழை இப்போது விளங்குகிறது. கடிகாரத்திடம் கேட்கத்தக்க கேள்விகள் இரண்டு. இப்போது மணி என்ன என்பது ஒன்று. உன் விநாடி எவ்வளவு நீளம் என்பது மற்றொன்று. நாம் முதற் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு நிறைவடைந்தோம். பாட்டுக்கு வேண்டியதோ இரண்டாவது.

பாலக்காட்டுச் சீமையில் இருப்பவர்க்கு இதனை விளக்கப் பெருமுயற்சி தேவையில்லை. மணி ஐயர் பிறந்த மண் இது; பாலக்காடு கே. வி. நாராயணசுவாமியின் பெயரில் முதலெழுத்தாக நிற்பதே நம் கொல்லங்கோடு. பாடகரும் மிருதங்கக்காரரும் தொடக்கத்தில் ஒருமுறை தாளத்தைப் பேசிக்கொண்டு, பின்பு வெவ்வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாடியும் வாசித்தும், ஒரு மணி கழித்து இரண்டையும் சேர்த்தால் எப்படி இருக்கும்? இருவரும் மேதைகளேயானாலும் பொருந்தாது. அவர்கள் பொருந்துவது ஒருவரையொருவர் ஒவ்வோர் அட்சரத்திலும் கேட்டுக்கொண்டிருப்பதால்.

பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் செய்வதும் இதுவே. அங்கே ஒரு கருவியைத் தலைமைக் கடிகாரமாக வைத்து, அதன் துடிப்பைக் கம்பி வழியே மற்றெல்லாக் கருவிகளுக்கும் அனுப்புகிறார்கள். இதற்கு வேர்டு கிளாக் என்று பெயர். மற்றக் கருவிகள் தம் படிகத்தை நம்பாமல் வந்த துடிப்பிற்கே எண்ணுகின்றன. பெரிய புகைவண்டி நிலையங்களில் ஒரு தலைமைக் கடிகாரத்தின் மின்துடிப்பிற்கு ஒவ்வொரு பிளாட்பாரத்துக் கடிகாரமும் முள் நகர்த்துவது போன்றதே இது. இதில் ஒரு பொறி உண்டு. இரு கருவிகளைக் கம்பியால் பிணைத்துவிட்டு, இரண்டிலும் உட்கடிகாரம் என்றே அமைத்து வைத்தால், ஒன்று அனுப்பும் எண்ணும் மற்றொன்று வாங்கும் எண்ணும் அவ்வப்போது தவறி, பதிவில் ‘டிக், டிக்’ என்று ஓசை விழும். தலைவர் ஒருவரே இருக்கவேண்டும். மற்றவரை வெளிக்கடிகாரம் என்று அமைக்கவேண்டும். சங்கங்களுக்கும் இது பொருந்தும் என்று சொன்னால் செயலாளர் நம்மை முறைப்பார், விட்டுவிடுவோம்.

திரைப்படக்காரர்களுக்கு இச்சங்கடம் பழையது. படமெடுக்கும் கருவி வேறு, ஒலி வாங்கும் கருவி வேறு. ஆகவே ஒவ்வொரு காட்சிக்கும் முன் ‘கிளாப்’ பலகையைத் தட்டுகிறார்கள். பலகை மூடும் படத்தையும் அதன் ஓசையையும் பொருத்தினால் தொடக்கம் பொருந்திவிடும். காட்சி சில நிமிடமே ஆதலால் அவர்களுக்கு ஒரு தட்டு போதும். நம்மைப்போல் ஒரு மணி பத்து நிமிடம் நிறுத்தாமல் பதிவு செய்பவர்க்கு, தொடக்கத்தில் ஒரு தட்டும் முடிவில் ஒரு தட்டுமாக இரண்டு வேண்டும். இரண்டு தட்டுகளுக்கும் இடையே ஒவ்வொரு கருவியும் எத்தனை எண்ணியது என்று பார்த்தால், எது எவ்வளவு மெதுவாக ஓடியது என்பது தானே வெளிப்படும்.

நாமோ ஒரு தட்டும் தட்டவில்லை. மூதாட்டியும் போய்விட்டார். பல இரவுகள் அப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். ஒருநாள் இரவு, பாட்டுத் தொடங்குவதற்கு முன்னுள்ள வெறும் சந்தடியையும் விடாமல் கேட்டபோது, ‘டணார்’ என்று ஓர் ஓசை. பின்பாட்டுப் பெண்களில் ஒருவர் தண்ணீர் கொண்டு வருகையில் பித்தளைக் குண்டானின் மூடி கீழே விழுந்திருக்கிறது. இரு கருவிகளுக்கும் ஏறக்குறைய நடுவே. இரு பதிவிலும் அது கத்தி முனைபோல் தெளிவாக இருந்தது. சந்தடிதானே என்று பதிவின் முன்பகுதியை வெட்டி எறிய இருந்தோம் என்பதை நினைத்தால் இப்போதும் உடல் நடுங்குகிறது.

முடிவிற்கு என்ன செய்வது? கடைசிப் பாட்டு முடியும் தறுவாயில், பொள்ளாச்சி நோக்கிப் போகும் வண்டியின் ஊதல் கேட்கிறது. புகைவண்டியே கைகொடுத்தது என்று மகிழ்ந்தோம். ஆனால் ஊதல் ஓசை மெல்லத் தொடங்கி மெல்ல அடங்குவது. அதன் தொடக்கம் எந்த எண்ணில் என்று குறிக்க இயலவில்லை. ஊதல் ஓய்ந்ததும் மூதாட்டி சிரிக்கிறார். “போதும் சாமி, வண்டியே வந்து மணி அடிச்சுப்போட்டுது” என்று சொல்லிக்கொண்டே உள்ளங்கையால் திண்ணையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுகிறார். அதுதான் நமக்கு வேண்டியிருந்த இரண்டாவது தட்டு.

மூடி விழுந்தது முதல் அத்தட்டு வரையில், மூதாட்டியின் பக்கத்துக் கருவி 20 கோடியே 16 இலட்சம் முறை எண்ணியிருந்தது. மற்றது அதில் ஏறத்தாழ 5,500 குறைவாக எண்ணியிருந்தது. இத்துடன் கணக்கு முடியவில்லை. மூடி நடுவில் விழுந்தது. தட்டோ மூதாட்டியின் கருவிக்கு அருகில். மற்றக் கருவியை அடைய அவ்வோசை நாலு மீட்டர் நடக்கவேண்டும். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 348 மீட்டர் செல்லும் ஆதலால், அதற்குப் பதினொன்றரை மில்லி விநாடி பிடிக்கும். அது 550 எண்ணுக்குச் சமம். இதையும் கூட்டினால் 6,050. பத்து இலட்சத்திற்கு முப்பது! மெதுவாக எண்ணிய பதிவை அவ்விகிதப்படி நீட்டும்படி கணிப்பொறிக்குச் சொன்னோம். சுருதி கெடாதோ என்று சங்கீதம் அறிந்த நண்பர் ஒருவர் ஐயுற்றார். ஒரு ஸ்வர ஸ்தானத்திற்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கு. நாம் மாற்றியது அதில் இரண்டாயிரத்தில் ஒன்று. எந்தச் செவிக்கும் அது எட்டாது.

பதிவு முழுமையும் சீராகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டோம். நாற்பதாம் நிமிடத்தை ஒட்டிய இரண்டு பாட்டுகளில் குரல் இன்னும் சற்றுத் தடித்தே இருந்தது. அப்போது திண்ணையில் வெயில் ஏறியிருந்தது நினைவிற்கு வந்தது. ஒரு கருவி வெயிலிலும் மற்றது நிழலிலும் இருந்திருக்கின்றன. படிகத்தின் ஓட்டம் இடையில் மாறியிருக்கவேண்டும். மூதாட்டி மூச்சு வாங்கும் இடைவெளி பார்த்து, அவ்விடங்களில் கையாலேயே சிறிது சிறிதாக நகர்த்தினோம். ஒரு பாட்டு நன்றாக வந்தது. மற்றொன்று அரைகுறையாகவே நிற்கிறது.

அப்பதிவின் படியை மூதாட்டியின் மகள் வீட்டில் கொடுத்தோம். அவர் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் திண்ணைத் தட்டு வந்த இடத்தை மட்டும் மறுபடி போடச் சொன்னார்.

இனி இத்தகைய பதிவிற்குச் செல்லும் இளைஞர்களுக்கு நாம் பட்டறிந்து சொல்வது சிறிதே. பல மைக்குகளை ஒரே கருவியில் பொருத்த முடியுமானால் அதுவே மேல். ஒரே படிகம், ஒரே எண்ணிக்கை, வம்பில்லை. இரு கருவிகள்தாம் என்றால், இரண்டையும் ஒரே நிழலில் வையுங்கள். இரண்டிற்கும் நடுவே நின்று, தொடக்கத்திலும் முடிவிலும் கைதட்டுங்கள். இடையில் எந்தக் கருவியையும் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் கணக்கு அறுந்துபோகும். பதிவின் தலையையும் வாலையும் வெட்டாமல் அப்படியே ஒரு படி எடுத்து வையுங்கள்.

இன்றைய விழாவையும் இரு கருவிகளில் பதிவு செய்துவருகிறோம். ஒன்று மேடையில், மற்றொன்று அவையின் நடுவே. கடவுள் வாழ்த்திற்கு முன் நாம் அவையிடையே வந்து நின்று கைதட்டியபோது, என்னவோ ஏதோ என்று சிலர் சிரித்தீர்கள். சிலர் உடன் சேர்ந்து தட்டவும் செய்தீர்கள். காரணம் இப்போது விளங்கியிருக்கும். நன்றியுரை முடிந்ததும் அதே இடத்தில் வந்து நின்று மற்றொரு முறை தட்டுவோம். அதுவரையில் அருள்கூர்ந்து யாரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு எழவேண்டா. தட்டும்போது நாம் ஒருவரே தட்டுமாறு விட்டுவிடவும் வேண்டுகிறோம்.